எரியும் கன்னத்துக்கு மருந்து எங்கெங்கிருந்து வந்தது, தெரியுமா?

ஜப்பானில் ஒரு கோல்ஃப் மைதானத்து ஓரத்து மண். முதுகில் படரும் தேமல். கண் அழுத்தத்துக்கு விடும் சொட்டு மருந்து. மூக்கடைப்புக்கு அடிக்கும் மருந்து. மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்த ஒருவர் தலைமை தாங்கிய ஆய்வுகூடம். இவை எல்லாவற்றுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கிறீர்களா? அத்தனையும் இன்று ஒரே வருத்தத்தின் சிகிச்சையில் வந்து சேர்ந்திருக்கின்றன! அந்த வருத்தத்தின் பெயர் ரொசேசியா.

கன்னம், மூக்கு, நெற்றி, நாடி ஆகிய இடங்கள் சிவந்து, சுட்டு, எரிந்து, பரு மாதிரிக் கொப்புளித்து, கொஞ்ச நாளில் அடங்கி, பிறகு திரும்பவும் கிளம்பும் தோல் அழற்சி இது. அடியோடு மாற்றும் மருந்து இன்னும் வரவில்லை. ஆனால் கிளம்புவதைக் குறைக்கலாம், கிளம்பினால் சீக்கிரம் அடக்கலாம். களனியில் பஸ்ஸுக்கு வெயிலில் நிற்பவர்களுக்கும், வெள்ளவத்தையில் உப்புக் காற்றில் நடப்பவர்களுக்கும், கொட்டாஞ்சேனையில் அடுப்படி வெக்கையில் நிற்பவர்களுக்கும் இது தெரிந்தே ஆகவேண்டும். ஒவ்வொன்றாகப் பாருங்கள், வியந்துபோவீர்கள்!

மாநிறத் தோலிலும் இது வரும், தெரியுமா?

“அது வெள்ளைக்காரருக்கு வாற வருத்தம்” என்று பலர் நினைக்கிறார்கள். 2018இல் பல நாட்டு ஆய்வுகளை ஒன்றுதிரட்டிக் கணக்கிட்டபோது, உலகில் 100 பேரில் 5 பேருக்கு மேல் ரொசேசியா இருக்கலாம் என்று தெரிய வந்தது. நம்முடைய தோலிலும் வருகிறது. மெலனின் நிறமி சிவப்பை மறைத்துவிடுவதால் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்!

அப்படியானால் எப்படிக் கண்டுபிடிப்பது? காதைக் கொடுக்க வேண்டும். “முகம் சுடுது”, “சோப் பட்டால் எரியுது”, “ஊசி குத்துற மாதிரி இருக்கு” என்ற பேச்சுத்தான் நம் ஆட்களிடம் முதல் அடையாளம். தோல் வைத்தியர்கள் ஒரு சின்னக் கண்ணாடித் துண்டைக் கன்னத்தில் வைத்து மெல்ல அழுத்துவார்கள். விரிந்த இரத்தக் குழாய்களில் இருந்த இரத்தம் விலகி, கண்ணாடிக்குக் கீழே தோல் வெளிறும். கையை எடுத்தவுடன் செம்மண் நிறமோ ஊதா கலந்த கருமையோ திரும்பி ஓடிவரும். அதுவரை ஒளிந்திருந்த சிவப்பு அதுதான்!

கரும்புள்ளி இல்லாத பரு உண்டு, தெரியுமா?

சாதாரணப் பருவைக் கிட்டப் பார்த்தால் துவாரங்களில் அடைப்பு, கரும்புள்ளி, வெண்புள்ளி தெரியும். ரொசேசியாக் கொப்புளத்தில் அந்த அடைப்புக் கிடையாது. முப்பது வயதைத் தாண்டிய பிறகு, கரும்புள்ளி ஒன்றும் இல்லாமல் முகத்தின் நடுவில் பரு கிளம்பினால் சந்தேகப்படுங்கள். பருவுக்கான காரமான மருந்துகளை அதன்மேல் பூசினால் எரிச்சல் இன்னும் கூடும்.

இன்னொரு குறிப்பு! மூக்கோரத்திலிருந்து வாய்க்கோடிக்கு இறங்கும் மடிப்பைக் கவனியுங்கள். லூபஸ் என்ற நோயின் வண்ணத்துப்பூச்சி வடிவத் தடிப்பு பெரும்பாலும் அந்த மடிப்பைத் தொடாமல் விட்டுவிடும். ரொசேசியா அதைப் பார்ப்பதில்லை, மடிப்புக்குள்ளும் இறங்கும். தொழுநோயோ என்று பயப்படுகிறவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். களனி கங்கை கடலில் சேரும் இடத்துக்குக் கிட்ட, ஹெந்தலையில் ஒல்லாந்தர் 1708இலேயே தொழுநோய் வைத்தியசாலை கட்டிய ஊர் அல்லவா இது! தொழுநோய்த் திட்டுகளில் பெரும்பாலும் உணர்ச்சி குறையும், தொட்டால் தெரியாது. ரொசேசியாவில் உணர்ச்சி கூடும், தொட்டாலே எரியும். மூன்றுக்கும் இன்று மருந்து இருக்கிறது. எது என்று தீர்மானிக்க வேண்டியவர் வைத்தியர்.

ரசத்துக்கும் வெயிலுக்கும் தோலில் ஒரே வாசல், தெரியுமா?

மிளகாயைக் கடித்தால் ஏன் “சுடுகிறது” என்கிறோம்? உண்மையாகவே அது சூடாகத்தான் பதிவாகிறது! டேவிட் ஜூலியஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானியின் குழு 1997இல் கண்டுபிடித்த உணர்வாங்கி ஒன்று, சுமார் 43 பாகை செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பம் பட்டாலும் திறக்கும், மிளகாயின் காப்சைசின் பட்டாலும் திறக்கும். அதற்கு டிஆர்பிவி1 என்று பெயர். 2021இல் ஜூலியஸுக்கு நோபல் பரிசே கிடைத்தது. மிளகில் உள்ள பைப்பரினும் அதே வாசலைத்தான் தட்டுகிறது. ரொசேசியா உள்ளவர்களின் தோலில் இந்த வாசல்கள் அளவுக்கு மீறி விழிப்பாக இருக்கின்றன. கட்டைச் சம்பலும் கொதிக்கும் மிளகு ரசமும் ஒரே தட்டத்தில் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்!

கறுவா? உலகத்துக்கே அசல் கறுவாவை அனுப்பும் நாடு நம்முடையது. கறுவாவின் வாசத்துக்குக் காரணமான சின்னமல்டிஹைட் இன்னொரு வாசலைத் தட்டுகிறது. அதன் பெயர் டிஆர்பிஏ1. தக்காளி, தேசிக்காய், சொக்கலேட், கறுவா நான்கும் சிலருக்கு முகத்தைக் கிளப்பிவிடும் என்று தோல் வைத்தியர்கள் குறித்திருக்கிறார்கள். எல்லாருக்கும் அல்ல! யாருக்கு எது என்று கண்டுபிடிப்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது.

தேத்தண்ணியில் குற்றவாளி யார், தெரியுமா?

சிலோன் தேயிலை விளையும் நாட்டில் இருந்துகொண்டு “தேத்தண்ணி குடிக்காதீங்கோ” என்று சொன்னால் யாருக்கு மனம் வரும்? கவலையை விடுங்கள்! 1981இல் ஜொனதன் வில்கின் என்ற அமெரிக்க வைத்தியர் ரொசேசியா உள்ளவர்களுக்குச் சூடான கோப்பி, ஆறிய கோப்பி, வெறும் சுடுதண்ணீர், கஃபீன் என்று தனித்தனியாகக் கொடுத்துப் பார்த்தார். சூடான கோப்பியிலும் முகம் சிவந்தது, வெறும் சுடுதண்ணீரிலும் சிவந்தது. ஆறிய கோப்பியில் சிவக்கவில்லை, கஃபீனும் சிவக்க வைக்கவில்லை. முகத்தைக் கிளப்பியது சூடு!

இன்னும் ஆச்சரியம் இருக்கிறது. 2018இல் அமெரிக்காவில் 82,000க்கும் மேற்பட்ட பெண் தாதியரின் தரவுகளைப் பார்த்தபோது, நாளொன்றுக்கு நான்கு கோப்பைக்குக் குறையாமல் கோப்பி குடித்தவர்களுக்கு ரொசேசியா வரும் வாய்ப்பு, கோப்பியை மிக அரிதாகவே தொட்டவர்களைவிடக் குறைவாக இருந்தது. இதற்காகக் கோப்பி குடிக்கத் தொடங்கத் தேவையில்லை. பிளேன்டீயையும் விடத் தேவையில்லை. ஆறவிட்டுக் குடியுங்கள், போதும். முகம் சுடத் தொடங்கினால் ஒரு சின்ன ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொள்ளுங்கள், உள்ளிருந்து சூடு இறங்கும்!

களனியில் நிழல் காணாமற்போகும் நாள் எது, தெரியுமா?

ஏப்ரல் 7ஆம் திகதியை ஒட்டி, நண்பகல் 12 மணி தாண்டிச் சில நிமிடங்களில் சூரியன் கொழும்புக்கும் களனிக்கும் நேர் உச்சியில் நிற்கும். நட்டுவைத்த கம்புக்கு நிழலே விழாது! செப்டம்பர் முதல் வாரத்தில் இன்னொரு முறை அப்படி நிற்கும். புறஊதாக் கதிர்ச் சுட்டெண் 11ஐத் தொட்டால் அதை உச்ச ஆபத்து என்று உலக சுகாதார ஸ்தாபனம் வகுத்திருக்கிறது. மேகமில்லாத நாட்களில் நம் ஊர் நண்பகலுக்கு 11ஐத் தாண்டுவது சர்வசாதாரணம்.

ரொசேசியாவைக் கிளப்புவதில் முதலிடம் இந்த வெயிலுக்குத்தான். ஆகவே மருந்துக் குழாய்க்கு முன்னால் வரவேண்டியது சன்ஸ்கிறீன். துத்தநாக ஒட்சைட்டு, டைட்டேனியம் ஈரொட்சைட்டு உள்ளவை எரிச்சலைக் குறைவாகத் தரும். எஸ்பிஎஃப் 30க்குக் குறையாமல் பாருங்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் பிதுக்கிப் பூசவேண்டும், பொட்டளவு போதாது! வெள்ளை பூத்தது மாதிரித் தெரிகிறது என்று தயங்குகிறவர்களுக்கு இரும்பு ஒட்சைட்டுச் சேர்ந்த தோல்நிறச் சன்ஸ்கிறீன் இருக்கிறது. சிவப்பையும் மறைக்கும், கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் ஓரளவு தடுக்கும். குடை பிடிப்பவர்களை யாரும் பகிடி பண்ண வேண்டாம், அவர்கள் கையில் இருப்பதும் சிகிச்சைதான்!

மனக்கவலைக்கு எத்தனையாவது இடம், தெரியுமா?

அமெரிக்காவின் தேசிய ரொசேசியா சங்கம் 1,066 பேரிடம் கேட்டது: உங்கள் முகத்தைக் கிளப்புவது எது? 81 வீதமானோர் வெயில் என்றார்கள். அடுத்தது என்ன? மன அழுத்தம், 79 வீதம்! பிறகு வெப்பமான காலநிலை 75, காற்று 57, கடும் உடற்பயிற்சி 56, மதுபானம் 52, சுடுதண்ணிக் குளிப்பு 51, காரமான சாப்பாடு 45, காற்றின் ஈரப்பதம் 44, சூடான பானம் 36. நம் ஊரின் வெக்கை, கடற்காற்று, புழுக்கம் எல்லாம் இந்தப் பட்டியலில் ஒன்றாக நிற்கின்றன. திருகோணமலைக்குப் போனால் கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் ஆசை தீரக் குளிக்கும் வழக்கம் உண்டு. ரொசேசியா உள்ளவர்கள் அங்கே முகத்தை விட்டுவிட்டு மேலுக்கு வார்த்துக்கொள்வது நல்லது.

ஒரு கொப்பியை எடுங்கள். முகம் கிளம்பிய நாளில் சாப்பிட்டது, குடித்தது, போன இடம், பூசியது, மனநிலை ஐந்தையும் எழுதுங்கள். சில வாரத்தில் உங்கள் முகத்துக்கே உரிய பட்டியல் கையில் இருக்கும். மற்றவர் பட்டியலைப் பார்த்து ஆசைப்பட்ட சாப்பாட்டையெல்லாம் விட்டுக் கஷ்டப்படத் தேவையே இல்லை!

முகத்தில் வாழும் உயிர்களைச் சுப்பர் குளூ போட்டு எண்ணுவார்கள், தெரியுமா?

பயப்பட வேண்டாம், வளர்ந்தவர்கள் ஏறத்தாழ எல்லார் முகத்திலும் இவை இருக்கின்றன! டெமோடெக்ஸ் என்ற எட்டுக்கால் நுண்ணுண்ணிகள். நீளம் சுமார் 0.3 மில்லிமீற்றர். 1840களின் தொடக்கத்திலேயே ஜேர்மனியில் இவற்றை அடையாளம் கண்டுவிட்டார்கள். பகலில் மயிர்த் துவாரத்துக்குள் தலைகீழாக அடங்கி, இரவில் வெளியே வந்து மெல்ல நகர்கின்றன.

எப்படி எண்ணுகிறார்கள் என்பதுதான் பெரிய அதிசயம். நுணுக்குக்காட்டிக் கண்ணாடித் தகடு ஒன்றில் உடனே ஒட்டும் சயனோஅக்ரிலேட் பசை ஒரு துளி விடுவார்கள். அதைக் கன்னத்தில் வைத்து ஏறத்தாழ ஒரு நிமிடம் பிடிப்பார்கள். மெல்ல உரித்தால் தோலின் மேற்படலமும், துவாரங்களுக்குள் இருந்த மெழுகுத் தண்டுகளும், அவற்றில் தொற்றிக்கொண்ட உண்ணிகளும் அப்படியே தகட்டோடு வந்துவிடும்! ஒரு சதுர சென்ரிமீற்றரில் ஐந்துக்கு மேல் இருந்தால் அளவுக்கு அதிகம். ரொசேசியாக் கொப்புளம் உள்ளவர்களிடம் பெரும்பாலும் எண்ணிக்கை கூடித்தான் இருக்கிறது. தயவுசெய்து இதை வீட்டில் செய்து பார்க்காதீர்கள், கிளினிக்கில் செய்ய வேண்டிய சோதனை இது.

கோல்ஃப் மைதானத்து மண் முகக் கிறீமான கதை தெரியுமா?

அந்த உண்ணிகளை அடக்கும் மருந்து எங்கிருந்து வந்தது? ஜப்பானிய விஞ்ஞானி சதோஷி ஒமுரா 1970களில் கவானா என்ற இடத்தில், கோல்ஃப் மைதானத்துக்குப் பக்கத்தில் மண் எடுத்தார். அந்த மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிர் சுரந்த பொருளை, அமெரிக்காவில் வில்லியம் காம்பெல் குழுவினர் ஐவர்மெக்டின் என்ற மருந்தாக்கினார்கள். ஆபிரிக்காவில் ஆற்றுக்குருடு நோயிலிருந்து எத்தனையோ பேரின் கண்களைக் காப்பாற்றிய அந்த மருந்துக்காக, 2015இல் இருவருக்கும் நோபல் பரிசில் பங்கு!

நம் நாட்டுக்கும் இதில் பங்கு இருக்கிறது! 1990களில் இலங்கை ஆய்வாளர்கள் யானைக்கால் நோய்ப் புழுக்களின்மேல் ஐவர்மெக்டினைத் தனியாகவும் மற்ற மருந்துகளோடு சேர்த்தும் பரிசோதித்தார்கள். பின்னர் வேறு இரு மாத்திரைகளை நாட்டின் மேற்கு, தெற்குக் கரையோரங்களில் மக்களுக்குக் கொடுத்து, 2016இல் யானைக்கால் நோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாத நாடு என்ற சான்றை உலக சுகாதார ஸ்தாபனத்திடம் இலங்கை பெற்றது.

2014 டிசம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1 வீத ஐவர்மெக்டின் கிறீமை ரொசேசியாவுக்கு அனுமதித்தது. அடுத்த வருடம் வெளியான ஒரு சோதனையில் 962 பேர் பங்கெடுத்தார்கள். 16 வாரத்தில் ஐவர்மெக்டின் பூசியவர்களின் கொப்புளங்கள் 83 வீதம் குறைந்தன, மெட்ரோனிடசோல் பூசியவர்களுக்கு 73.7 வீதம். இரண்டுமே எவ்வளவு பெரிய ஆறுதல் பாருங்கள்! கால்நடைக்கு விற்கும் ஐவர்மெக்டினை மட்டும் யாரும் தொடக்கூடாது. மனிதத் தோலுக்கான கிறீம் வேறு.

தேமலே ஒரு மருந்தைக் காட்டிக்கொடுத்தது, தெரியுமா?

வியர்வை ஊறும் நம் ஊரில் முதுகிலும் கழுத்திலும் தேமல் படராதவர் குறைவு. தேமல் ஏன் தோலின் நிறத்தைக் குறைக்கிறது என்று இத்தாலிய ஆய்வாளர்கள் 1970களில் தேடிப்போனார்கள். தேமலை உண்டாக்கும் பூஞ்சை அசெலெயிக் அமிலம் என்ற ஒன்றைத் தயாரிக்க வல்லது என்று கண்டார்கள். கோதுமையிலும் பார்லியிலும் இருக்கும் அதே அமிலம்! அதைச் சுத்தமாக எடுத்துப் பூசினால் பரு அடங்கியது, கரும்படிவு குறைந்தது. 2002இல் 15 வீத ஜெல் அமெரிக்காவில் ரொசேசியாவுக்கு அனுமதி பெற்றது.

நம் தோலுக்கு இது இரட்டைப் பலன். கொப்புளம் போன இடத்தில் மாதக்கணக்காக நிற்கும் கறுப்புத் தழும்பையும் இது மெல்ல மங்க வைக்கிறது. கர்ப்பிணிகளுக்கும் வைத்தியர்கள் தயக்கம் குறைவாக எழுதும் மருந்து இது. முதல் சில நாள் கொஞ்சம் குறுகுறுக்கும், எரியும். ஈரப்பசைக் கிறீம் பூசி, அதற்கு மேல் இதைப் பூசினால் தாங்கிக்கொள்ளலாம்.

பல் ஈறைச் சுகமாக்கிய மாத்திரை கன்னத்துக்கும் வந்தது, தெரியுமா?

மெட்ரோனிடசோலை வயிற்றோட்டத்துக்குக் குடித்திருப்பீர்கள். 1950களின் கடைசியில் பிரான்சில் உருவான இந்த மருந்து முதலில் பெண்களின் பிறப்புறுப்புத் தொற்றுக்காக வந்தது. 1962இல் அதற்காகக் குடித்த ஒரு பெண்ணின் ஈறு வீக்கமும் சேர்ந்து மாறிப்போனதை ஒரு பல் வைத்தியர் கவனித்தார். 1976இல் ரொசேசியாவுக்கும் வேலை செய்கிறது என்று பிரித்தானிய வைத்தியர்கள் எழுதினார்கள். 1988இல் பூசும் ஜெல்லாக அமெரிக்காவில் அனுமதி. இன்று உலகெங்கும் ரொசேசியாவுக்கு முதல் வரிசையில் நிற்கும் மருந்துகளில் ஒன்று! பலன் தெரிய எட்டுப் பன்னிரண்டு வாரம் எடுக்கும். இரண்டு வாரத்தில் “சரிவரேல்லை” என்று நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம். பொறுத்திருங்கள்!

கிருமியைக் கொல்லாத அளவிலேயே ஒரு கிருமிகொல்லி வேலை செய்யும், தெரியுமா?

ஆந்திராவின் பீமவரத்தில் 1895இல் பிறந்து, மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்து, 1923இல் அமெரிக்கா போனவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். அவர் ஆய்வுத் தலைவராக இருந்த லெடர்லி நிறுவனத்தில், பெஞ்சமின் டகர் என்பவர் மண்ணிலிருந்து பிரித்தெடுத்த மருந்துதான் ஒரியோமைசின். டெட்ராசைக்கிளின் குடும்பத்தின் மூத்த பிள்ளை! 1948இல் அது உலகுக்கு அறிவிக்கப்பட்ட அதே வருடம் சுப்பாராவ் காலமானார். அந்தக் குடும்பத்தில் பிறகு பிறந்த டொக்ஸிசைக்கிளின்தான் இன்று ரொசேசியாவுக்கு அதிகம் எழுதப்படும் மாத்திரைகளில் ஒன்று.

புதுமை எங்கே தெரியுமா? மெல்ல மெல்லக் கரையும் 40 மில்லிகிராம் டொக்ஸிசைக்கிளினை 2006இல் அமெரிக்காவில் ரொசேசியாவுக்கு அனுமதித்தார்கள். கிருமியைக் கொல்ல அந்த அளவு போதாது. ஆனால் முகம் தணிகிறது! ஏன்? தோல் தன்னைக் காக்கச் சுரக்கும் கத்தலிசிடின் என்ற புரதம் ரொசேசியாவில் அளவுக்கு மீறிச் சுரந்து, பிழையான துண்டுகளாக வெட்டுப்பட்டு, தன் தோலையே புண்ணாக்குகிறது. கலிபோர்னியாவின் ரிச்சர்ட் கல்லோ குழுவினர் 2007இல் இதைக் காட்டினார்கள். அந்த வெட்டும் வேலையைத்தான் டொக்ஸிசைக்கிளின் தடுக்கிறது. கர்ப்பிணிகளும் சின்னப் பிள்ளைகளும் இதைக் குடிக்கக்கூடாது. குடிப்பவர்களுக்கு வெயில் சீக்கிரம் சுடும், நிறையத் தண்ணீரோடு நிமிர்ந்து இருந்து விழுங்க வேண்டும்.

கண் மருந்தும் மூக்கு மருந்தும் சிவப்பை அணைக்கும், தெரியுமா?

குளுக்கோமாவுக்குக் கண்ணில் விடும் பிரிமோனிடின், 2013இல் முகத்துக்கான ஜெல்லானது. மூக்கடைப்புக்கு அடிக்கும் ஒக்ஸிமெட்டசோலின், 2017இல் கிறீமானது. இரண்டுமே விரிந்த இரத்தக் குழாய்களைச் சுருக்கும். பிரிமோனிடின் பூசி அரை மணி நேரத்தில் சிவப்பு அடங்கத் தொடங்கும்! ஆனால் பலன் சில மணி நேரத்துக்குத்தான். அது தீரும்போது சிலருக்கு முன்னைவிடக் கூடச் சிவக்கும். கல்யாண வீட்டு நாளில் முதன்முதலாகப் பூசிப் பார்க்காதீர்கள். வைத்தியரிடம் கேட்டு, வீட்டில் இருக்கும் நாளில் சின்ன இடத்தில் பூசிப் பாருங்கள். வீட்டில் இருக்கும் மூக்கு மருந்தை எடுத்து முகத்தில் தடவவே வேண்டாம்.

ஒரு கிறீமே ரொசேசியாவை உண்டாக்கும், தெரியுமா?

இதை மட்டும் வாசித்துவிட்டு மற்றதை மறந்தாலும் பரவாயில்லை! பக்கத்து வீட்டு அக்கா சொன்னா, பாமசியில் பெயர் சொன்னால் தருகிறார்கள், மூன்று நாளில் முகம் பளிச்சென்று ஆகிறது. அந்தக் குழாயில் பீற்றாமெதசோன், குளோபெற்றசோல், மொமெற்றசோன் என்ற பெயர் இருக்கிறதா? அது ஸ்டீரொய்டு. வாரக்கணக்கில் முகத்தில் பூசினால் தோல் மெலிந்து, சிவப்பு நூல் மாதிரி இரத்தக் குழாய்கள் தெரிந்து, அசல் ரொசேசியா மாதிரியே கொப்புளிக்கும். நிறுத்தினால் பயங்கரமாக எரியும். எரிகிறதே என்று திரும்பப் பூசினால் விஷ வட்டம்!

2011இல் வெளியான இந்திய ஆய்வொன்றில், முகத்தில் தோல் பிரச்சினையோடு வந்த 2,926 பேரைப் பார்த்தார்கள். 433 பேர் ஸ்டீரொய்டு பூசிக்கொண்டிருந்தார்கள். ஏழு பேரில் ஒருவர்! வெள்ளையாக்கும் கிறீம் என்ற பெயரில் கலந்து விற்பதும் உண்டு. லேபலில் என்ன மருந்து என்று எழுதாத டப்பாவை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோகாதீர்கள். ஏற்கெனவே பூசுகிறவர்கள் தைரியமாக வைத்தியரிடம் சொல்லுங்கள், படிப்படியாக வெளியே கொண்டுவர அவர்களுக்கு வழி தெரியும். தோல் திரும்பத் தேறும்!

தைலமும் தேசிக்காயும் கூட எதிரிகள், தெரியுமா?

தலையிடித் தைலத்தை நெற்றியில் தடவுகிற கை அப்படியே கன்னத்துக்கும் போகும். மெந்தோல், யூக்கலிப்டஸ் எண்ணெய், வாசனைப் பொருட்கள், அற்ககோல் கலந்த முகநீர் எல்லாம் எரிச்சலைக் கிளப்புவதாக ரொசேசியா உள்ளவர்கள் சொல்கிறார்கள். தேசிக்காய்ச் சாறு, சீனி போட்டு உரசுவது, மரமஞ்சளைக் கல்லில் உரைத்துத் தடித்துப் பூசிக் காயவிடுவது எல்லாமே அந்த மெல்லிய தோலுக்குப் பாரம். இயற்கைப் பொருளென்றாலும் எரியும் தோல் எரியத்தான் செய்யும்.

செய்ய வேண்டியது ஆச்சரியப்படும் அளவுக்குச் சுருக்கம். காலையும் மாலையும் வாசனை இல்லாத மென்மையான முகங்கழுவியும் பச்சைத் தண்ணீரும். துவாயால் தேய்க்காமல் ஒற்றி எடுப்பது. மருந்து. வாசனை இல்லாத ஈரப்பசைக் கிறீம். பகலில் சன்ஸ்கிறீன். புதிதாக எதை வாங்கினாலும் கழுத்தோரத்தில் சில நாள் பூசிப் பார்த்த பிறகுதான் முகத்துக்கு!

ஒளியாலேயே சிவப்பைத் துடைக்கலாம், தெரியுமா?

மருந்துக்கு அடங்காமல் நூல் மாதிரித் தெரியும் இரத்தக் குழாய்களுக்கு, அதாவது நூல் நரம்புகளுக்கு, லேசர் இருக்கிறது. 1983இல் அண்டர்சன், பாரிஷ் என்ற இரு அமெரிக்க வைத்தியர்கள் ஒரு யோசனை சொன்னார்கள். இரத்தத்தின் சிவப்பு நன்றாக உறிஞ்சும் நிறத்தில், கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைவாக ஒளியைப் பாய்ச்சினால், குழாய் மட்டும் சுருங்கும், சுற்றியுள்ள தோல் தப்பும்! 595 நனோமீற்றர் சாய லேசர் அப்படித்தான் வேலை செய்கிறது. ஆனால் கருமையான தோலில் மெலனினும் அந்த ஒளியை உறிஞ்சும், சுட்ட தழும்பு வரலாம். அதனால் நம் நிறத்துக்கு 1064 நனோமீற்றர் என்டி-யாக் லேசரை வைத்தியர்கள் அதிகம் விரும்புகிறார்கள். அழகு நிலையத்தில் மலிவாகச் செய்கிறார்கள் என்று போகாதீர்கள். மாநிறத் தோலில் கைதேர்ந்த தோல் வைத்தியரிடம் மட்டும்!

கண்ணில் மணல் விழுந்தது போல உறுத்துவதும் இதுதான், தெரியுமா?

ரொசேசியா பலருக்குக் கண்ணிலும் இறங்கும். உறுத்தல், வறட்சி, இமையோரச் சிவப்பு, அடிக்கடி வரும் கண்கட்டி. சிலருக்குத் தோலில் தெரியும் முன்னரே கண்ணில் தெரியும்! மிதமான சூட்டில் துணி ஒற்றி, இமையோரத்தைச் சுத்தமாக வைத்தால் நல்ல ஆறுதல் கிடைக்கும். வெளிச்சம் கூசினால், பார்வை மங்கினால் அன்றே கண் வைத்தியரிடம் போகவேண்டும், கருவிழியைக் காக்க வேண்டுமே!

500 வருடத்துக்கு முந்திய ஓவியத்தில் ஒரு மூக்கு, தெரியுமா?

பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இத்தாலிய ஓவியர் கிர்லாண்டாயோ சுமார் 1490இல் வரைந்த கிழவரும் பேரனும் இருக்கிறார்கள். கிழவரின் மூக்கு தடித்து, முண்டு முண்டாக இருக்கிறது. மருத்துவர்கள் அதை ரைனோஃபைமா என்கிறார்கள், ரொசேசியாவோடு சேர்ந்து வரும் மூக்குத் தடிப்பு. இப்படியான மூக்கைக் கண்டாலே “குடிகாரன்” என்று சொல்லிவிடும் வழக்கம் நம் ஊரிலும் இருக்கிறது. எவ்வளவு பெரிய அநியாயம்! மதுபானம் சிலருக்கு முகத்தைக் கிளப்பும் என்பது உண்மை. ஒரு சொட்டுக் குடிக்காதவர்களுக்கும் ரொசேசியா வரும் என்பதும் அதே அளவு உண்மை. தடித்த மூக்கைச் செதுக்கித் திருத்தவும் இன்று சத்திரசிகிச்சை, லேசர் இரண்டும் இருக்கின்றன.

இதற்கெல்லாம் எங்கே போவது, தெரியுமா?

கொழும்பு தேசிய வைத்தியசாலை, ராகமையில் கொழும்பு வடக்குப் போதனா வைத்தியசாலை, வெள்ளவத்தைக்காரருக்குக் கிட்டவே களுபோவிலைப் போதனா வைத்தியசாலை. அரச வைத்தியசாலைகளின் தோல் கிளினிக்கில் வைத்தியரைப் பார்க்கக் காசு இல்லை. போகும்போது மூன்றைக் கொண்டுபோங்கள். முகம் கிளம்பிய அன்று பகல் வெளிச்சத்தில் ஃபோனில் எடுத்த படம், நீங்கள் எழுதிய கொப்பி, இதுவரை பூசிய எல்லாக் குழாய்களும். கிளினிக் நாளில் முகம் அடங்கியிருந்தாலும் படம் பேசும்! கேட்க வேண்டியதும் மூன்று. எனக்கு இருப்பது சிவப்பா, கொப்புளமா, நூல் நரம்பா, இல்லை கண்ணா? அதற்கு ஏற்ற மருந்து எது, இங்கே கிடைக்கிறதா? எத்தனை வாரம் பொறுக்க வேண்டும்?

2015இல் கொக்ரேன் ஆய்வுக் குழு 106 சோதனைகளை, 13,631 பேரின் அனுபவத்தை ஒன்றாக வைத்துப் பார்த்தது. ஐவர்மெக்டின், அசெலெயிக் அமிலம், பிரிமோனிடின், 40 மில்லிகிராம் டொக்ஸிசைக்கிளின் ஆகியவற்றின் பலனுக்கு உறுதியான சான்று இருக்கிறது என்று சொன்னது. இத்தனை பேர் மினக்கெட்டுத் தேடிக் கொண்டுவந்த மருந்துகள் இருக்கும்போது, “கறுத்தத் தோலுக்கு இதெல்லாம் வராது” என்ற ஒரு பேச்சை நம்பி யாரும் முகம் எரிய எரிய வருடக்கணக்காக இருக்கக்கூடாது. உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், இந்த மாதத்திலேயே கிளினிக் நாளைக் கேட்டு, அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்!